கரையிலே காக்கும் பெண்டர்: கடலிலே அதனை எங்கே வைப்பது?

கடலிற் செல்வோர்க்கு ஆழ்கடலைக் காட்டிலும் கரையே பெரிய அபாயம் என்று சொன்னால் எம்மிற் பலர் வியப்படைவர். ஆயினும் படகோட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள். நாற்புறமும் நீர் சூழ்ந்த வெளியிலே படகு மோதுவதற்கு ஒன்றுமில்லை. துறையை அணுகும்போதுதான் கருங்கற் சுவரும், இரும்புத் தூண்களும், அயலவர் ஆசையோடு நிறம் பூசி வைத்திருக்கும் புதுப் படகும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படுகின்றன. அவ்வேளையிற் படகின் விலாவுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே கிடந்து, இருபக்கத்து நெரிசலையும் தானே ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத்திற் பெண்டர் என்று பெயர். படகின் பக்கத்திலே கயிற்றில் தொங்கும் தலையணை என்று சொன்னால் வாசகர்க்கு விளங்கும். எமது துறைகளிலே இழுவைப் படகுகளின் பக்கங்களிற் பழைய ரயர்கள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள், அவையும் பெண்டர்களே.

படகு துறையிற் கட்டிக் கிடக்கும்வரை பெண்டருக்கு ஓயாத வேலை. கட்டவிழ்த்துப் புறப்பட்ட கணமே அதற்கு ஒரு வேலையும் இல்லை. மீண்டும் ஒரு துறையைக் காணும்வரை அது வெறும் சுமை. இந்த வேலையில்லாத வேளையில் அதனை எங்கே வைப்பது என்பதுதான் நாம் இங்கே ஆராயப் போகும் கேள்வி. குழந்தைகள் கேட்கும் கேள்வி போலத் தோன்றினாலும், பாய்ப்படகு வைத்திருப்போர் பலர் கூடுமிடத்தில் இதனைக் கேட்டுவிட்டாற் பொழுது சாயும்வரை விவாதம் நடக்கும்.

இங்கிலாந்தின் தென்கரையில், பெருநிலத்துக்கும் வைட் தீவுக்கும் இடையே சொலெண்ட் என்னும் நீரிணை இருக்கிறது. உலகிலேயே பாய்ப்படகுகள் மலிந்த நீர்ப்பரப்புகளுள் அதுவும் ஒன்று. தீவின் வடகரையிலுள்ள கௌஸ் பட்டினத்தில் 1826ஆம் ஆண்டு தொடங்கிய பாய்ப்படகுப் போட்டி இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கோடைகால விடுமுறையிலே தாய் தந்தையரும் பிள்ளைகளுமாக முப்பதடிப் படகுகளில் ஏறி, ஒரு துறையிலிருந்து மறு துறைக்குப் போய் இரவு தங்கி வருவது அங்குள்ள பல குடும்பங்களின் பொழுதுபோக்கு. துறைகளில் இடம் போதாதபோது ஒரு படகின் பக்கத்தில் மற்றொன்றாக நாலைந்து படகுகளைச் சேர்த்துக் கட்டுவர். ஆகையாற் பெண்டரின் அருமை அங்குள்ளோர்க்கு நன்கு தெரியும்.

முதலில் அதன் அவசியத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவ நேயர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய முப்பதடிப் படகின் எடை நான்கு தொன் என்று கொள்வோம். அது மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்திலே துறையை நெருங்குகிறது. ஒரு கடல்மைல் 1852 மீற்றர். எனவே விநாடிக்கு அரை மீற்றருக்குச் சிறிது கூட. முதியவர் ஒருவர் ஆறுதலாக நடப்பதிலும் குறைந்த வேகம். ஆயினும் அந்தப் படகிலே அடங்கியிருக்கும் சக்தி, 50 கிலோ அரிசி மூடை ஒன்று ஒரு மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழும் சக்திக்குச் சமமாகும். வேகம் இருமடங்கானாற் சக்தி நான்கு மடங்காகும்; அதாவது அதே மூடை நான்கு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

இப்பொழுது அந்த மூடைக்குக் கீழே ஒருவருடைய கை இருப்பதாக நினைத்துப் பாருங்கள். சுவர் நெருங்குகிறது, பெண்டர் எங்கேயோ பெட்டியின் அடியில் அகப்பட்டுக்கொண்டது, படகில் நிற்பவர் பதறிப்போய்க் கையையோ காலையோ நீட்டிப் படகைத் தள்ளப் பார்க்கிறார். பாரமற்ற பொருள்போல நீரில் மிதந்து வரும் படகு பார்வைக்குத் தள்ளிவிடக்கூடியது போலத்தான் தோன்றும். கையும் காலும் நசுங்குவது இவ்விதமே. படகின் பூச்சு உரிந்தால் மீண்டும் பூசலாம். விரல்களுக்கு அது முடியாது. படகோட்டப் பழக்கும் ஆசிரியர்கள், படகுக்கும் சுவருக்கும் இடையே உடம்பின் எந்தப் பாகத்தையும் வைக்கலாகாது என்பதை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே பெண்டரை வைக்கும் இடம் எதுவாயினும், வேண்டிய நிமிடத்தில் அது கைக்கு எட்டவேண்டும். மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பின்னாலேதான்.

முற்காலத்துப் படகோட்டிகள் இந்தக் கேள்வியால் அதிகம் வருந்தியிருக்க மாட்டார்கள். அவர்களுடைய பெண்டர்கள் பழங்கயிற்றைப் பின்னிச் செய்தவை. உள்ளே தக்கை, கயிற்றுத் துண்டுகள், தென்னந்தும்பு முதலியவற்றை அடைத்திருப்பர். எமது ஊர்த் தேங்காய் மட்டையிலிருந்து பிரித்த தும்பு, கயிறாகவும் பெண்டராகவும் பிறநாட்டுக் கப்பல்களிலே உழைத்திருக்கிறது. நனைந்தால் அவை பாரமானவை. எனினும் பருமனிற் சிறியவை. பெரிய கப்பல்களின் கதை வேறு. தென்துருவக் கடலிலே திமிங்கிலவேட்டை நடந்த காலத்தில், நடுக்கடலிலே இரு கப்பல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்க்க நேரும்போது, வேட்டையாடிய திமிங்கிலத்தின் உடலையே இடையில் மிதக்கவிட்டுப் பெண்டராகப் பயன்படுத்தினர்! யப்பானிலுள்ள யோக்கஹாமா றப்பர் நிறுவனம் 1958இல் காற்றடைத்த பெரும் றப்பர்ப் பெண்டர்களை ஆக்கத் தொடங்கிய பின்னர் அதற்கும் தேவை ஒழிந்தது.

சிறு படகுகளுக்கு வந்த மாறுதல் நோர்வேயிலிருந்து வந்தது. அந்நாட்டின் ஒலெசுண்ட் நகரிலே 1955இல் தோன்றிய பொலிபோம் என்னும் நிறுவனம், காற்றூதிய பிளாஸ்டிக் மிதவைகளைச் செய்து மீன்பிடிப்போர்க்கு விற்றது. அதே முறையிற் செய்த பெண்டர்கள் இன்று எங்கும் பரவிவிட்டன. அவை குழந்தையும் தூக்கக்கூடிய இலேசானவை, உக்குவதில்லை, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். குறை ஒன்றே: இடத்தை அடைக்கும். படகின் நீளத்தில் ஒவ்வோர் ஐந்தடிக்கும் ஓரங்குலம் என்ற விகிதத்திற் பெண்டரின் குறுக்களவு இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பதடிப் படகுக்கு இதன்படி ஆறங்குலம் போதும். எனினும் எட்டங்குலம் வாங்குவோரே விவேகிகள் என்பது எம் கருத்து. எட்டங்குலக் குறுக்களவும் இரண்டடி நீளமும் உள்ள பெண்டர் ஒன்று, அந்நாளில் எங்கள் வீடுகளிற் கிடந்த நான்கு கலன் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றின் இடத்தைப் பிடிக்கும். அத்தகைய பெண்டர்கள் ஆறு வேண்டும். ஆறு மண்ணெண்ணெய்த் தகரங்களை, நால்வர் படுத்துறங்கிச் சமைத்து உண்ணும் சிறு படகிலே எங்கே ஒளித்து வைப்பது?

"ஏன் ஒளிக்கவேண்டும்? தொங்குகிறபடியே தொங்கட்டுமே!" என்று சிலர் கேட்கலாம். பெண்டர்களைத் தொங்கவிட்டபடி கடலில் ஓடும் படகைக் கண்டால் அனுபவசாலிகள் முகத்தைச் சுளிப்பர். சட்டையின் பின்புறம் வெளியே தொங்க வீதியில் நடப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பர். இந்த நாகரிகப் பேச்சை நாம் பெரிதாக எண்ணவேண்டியதில்லை. அழகு கெடுவது மட்டுந்தான் குற்றமென்றால் தொங்கிவிட்டுப் போகட்டும். உண்மைக் காரணங்கள் வேறு.

பாய்ப்படகு காற்றுக்குச் சாய்ந்து ஓடுவது. சாயும் பக்கத்திலே படகின் விளிம்பு நீரைத் தொடும் அளவுக்குத் தாழும். அப்பொழுது அங்கே தொங்கும் பெண்டர் நீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும். அலை ஒவ்வொன்றும் அதனைத் தூக்கியெறிந்து மீண்டும் இழுக்கும். கயிறு கட்டப்பட்டிருப்பதோ பெரும்பாலும் விளிம்பைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கம்பியில். ஆட்கள் தவறி விழாமற் காப்பதற்கென்றே அமைந்த அந்தக் கம்பியும் அதன் தூண்களும் மணிக்கணக்காக இவ்வாறு உலுப்பப்பட்டால் தளர்ந்துபோகும். முடிச்சு அவிழ்ந்தாற் பெண்டர் போய்விடும். முடிச்சு அவிழாமற் கயிறு நீண்டு பின்னோக்கி இழுபட்டால், துறைக்குள் நுழைவதற்காக எஞ்சினை முடுக்கும் வேளையிற் கயிறு விசிறியிலே சுற்றிக்கொள்ளும். சுவர்களும் பிற படகுகளும் சூழ்ந்த இடத்திலே எஞ்சின் நின்றுபோவதை விடத் தலைவலி வேறில்லை.

இழுத்து உள்ளே போட்டுவிட்டாற் போதுமா? அதுவும் போதாது. மேற்றளத்திலே உருளும் பெண்டர், காலடியில் வைத்த உருளைக்கட்டை. இருட்டிலே முன்பக்கத்துப் பாயை இறக்கப் போகிறவர் அதில் மிதித்தால் எங்கே போய் விழுவார் என்று சொல்லத் தேவையில்லை. பாயை இழுக்கும் கயிறுகளும் படகு திரும்புந்தோறும் அதிலே சிக்கும்.

ஆகவே உரிய இடம் வேண்டும். மிகப் பெரும்பாலோர் தெரிந்தெடுப்பது, சுக்கான் பிடிப்பவர் அமரும் இருக்கைக்குக் கீழுள்ள ஆழமான பெட்டியையே. எம் அபிப்பிராயமும் அதுவே. அந்தப் பெட்டிக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. துறையை விட்டு நீங்கும்போது கட்டுக்கயிறுகளுக்குப் பின்னரே பெண்டர்களை உள்ளெடுப்பர். எனவே அவை பெட்டியின் மேற்பக்கத்திலே கிடக்கும். மறு துறையில் முதலில் வேண்டியவையும் அவையே. ஆயின் நடுவழியிலே யாராவது ஒருவர் வாளியையும், பாய்ப்பையையும், மழைச்சட்டையையும் அவற்றின் மேலே திணித்துவிட்டால் அந்த ஒழுங்கு கெட்டது. உயிர் காக்கும் தெப்பமும் தீயணைக்கும் கருவியும் அதே பெட்டியில் இருக்குமானால் இன்னுமொரு கவனம் வேண்டும்: அவற்றை எடுப்பதற்கு ஆறு பெண்டர்களை வெளியே வீசவேண்டிய நிலை ஏற்படக் கூடாது. ஒவ்வொரு பெண்டரின் கயிற்றையும் அதனதன் உடம்பிலேயே சுற்றி ஒரு முடிச்சிட்டு வைப்பது நன்று. இல்லையெனில் ஒன்றைத் தூக்கும்போது ஆறும் சேர்ந்து வரும், மாட்டுவண்டிக் கடையிலே வெங்காயப் பிடியை இழுத்ததுபோல.

பின்னணியத்துக் கம்பிகளிலே இரும்புக் கூடைகளைப் பொருத்தி அவற்றிற் பெண்டர்களை நிறுத்தி வைப்போரும் உளர். கைநீட்டினால் எடுக்கலாம், பெட்டியிலும் இடம் மிஞ்சும். ஆனாற் படகின் பின்புறம் மிதவை வளையம், பின்விளக்கு முதலியவற்றின் இருப்பிடமும் ஆகும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளின்படி படகின் பின்விளக்கு 135 பாகை அகலத்துக்குத் தெரியவேண்டும். கூடையில் நிற்கும் பெண்டர் அந்த ஒளியின் ஒரு பகுதியை மறைத்தால், இரவிலே பின்னால் வரும் கப்பலுக்கு நம் படகு இல்லாத படகாகிவிடும். முன்பக்கத்துக் கம்பிகளிலே கட்டுவோர்க்கும் இதையே சொல்லலாம். சிவப்பு, பச்சை விளக்குகள் அங்கே இருக்கின்றன. பகலில் மாத்திரம் ஓடுவோர் கூடையை வைத்துக்கொள்ளட்டும். காற்றிலே அது சிறிது பிடிக்கும் என்பதைப் போட்டிக்காரரன்றி வேறெவரும் பொருட்படுத்தார்.

முன்னணியத்திலே நங்கூரம் வைக்கும் குழியில் இடம் இருக்கிறதே என்று அதில் அடைப்போரை மாத்திரம் நாம் மன்னிக்க முடியாது. எஞ்சின் நின்று, காற்றும் பாறையை நோக்கி அடிக்கும்போது படகுக்கு எஞ்சியுள்ள ஒரே தடை நங்கூரம். அதன்மேல் எதனையும் வைக்கலாகாது.

படகின் உள்ளறையிலே கொண்டுபோய் வைக்கலாமே என்பாரும் உண்டு. துறைச் சுவரிலே இரவெல்லாம் உரசிய பெண்டரில் பாசியும், சேறும், எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதனைப் படுக்கையருகே வைக்கச் சம்மதிக்கும் இல்லத்தரசி எந்த நாட்டிலும் இருப்பாரென நாம் நம்பவில்லை. உப்பு நீர் பட்ட துணி உலர்வதுமில்லை. எனினும் நெடும்பயணத்தில் இதற்கும் இடமுண்டு. பந்துபோன்ற பெரிய பெண்டர்களின் காற்றை வெளியேற்றி, கழுவித் துடைத்து, மடித்து உள்ளே வைத்துவிடலாம். கைப்பம்பு இருந்தால் மீண்டும் ஊதச் சில நிமிடங்களே.

உண்மையில் இடம் எது என்பதைப் பயண தூரமே தீர்மானிக்கிறது. லிமிங்டன் துறையிலிருந்து நீரிணையைக் கடந்து வைட் தீவின் யார்மத் துறைக்கு ஏறக்குறைய 4 கடல்மைல். நல்ல காற்றிருந்தால் ஒரு மணி நேரத்திலே அக்கரை. இதற்காகப் பெட்டியைத் திறந்து அடுக்குவது வீண்வேலை என்று, பெண்டர்களைக் கம்பிக்கு உட்புறம் இழுத்து, அறையின் கூரையிலுள்ள கைப்பிடிகளோடு இறுகக் கட்டிவிடுவர். அமைதியான நீரில் இதிலே பிழை காண நாம் விரும்பவில்லை. கட்டு இறுக்கமாகவும், நடக்கும் வழி வெறுமையாகவும் இருந்தாற் சரி. ஆனால் அதே படகு பிரான்சிலுள்ள செர்பூர் துறைக்குப் புறப்பட்டால் ஏறக்குறைய 60 கடல்மைல் திறந்த கடல்; மணிக்கு ஐந்து கடல்மைல் ஓடினாலும் பன்னிரண்டு மணி நேரம்; வழியில் பெருங்கப்பல்களின் பாதை; ஒருவேளை இரவும். அன்று மேற்றளத்திலே ஒரு பெண்டரும் இருக்கலாகாது.

கடலைப் போலன்றி, நின்ற நீரிலே பெண்டரால் விளையும் கேட்டையும் இங்கே கூறவேண்டும். இங்கிலாந்தின் உள்நாட்டிலே குதிரைகள் இழுத்த காலத்துக் கால்வாய்கள் பல இன்றும் உல்லாசப் படகுகளுக்குப் பயன்படுகின்றன. ஜேம்ஸ் பிறிண்ட்லி என்னும் பொறியியலாளர் 1766இல் தொடங்கிய திரென்ற்-மேர்சிக் கால்வாய் அவற்றுள் ஒன்று. அவர் 1772இல் இறந்தபின் 1777இல் முடிவுற்றது. மேட்டு நீரிலிருந்து தாழ்ந்த நீருக்குப் படகை இறக்க அங்கே கதவுகளிட்ட நீர்க்கூடங்கள் உள்ளன. அத்தகைய ஒடுங்கிய கூடத்தின் அகலம் ஏறக்குறைய 7 அடி. படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். மீதி இரண்டே அங்குலம்! பக்கத்திலே பெண்டரைத் தொங்கவிட்டபடி உள்ளே நுழைந்தால் அது ஆப்புப்போல இறுகிக்கொள்ளும். கீழ்க்கதவின் மடையைத் திறந்ததும் நீர் இறங்கும், படகு இறங்காது. ஒருபக்கம் சுவரில் மாட்டித் தொங்க, மறுபக்கம் சரிய, தண்ணீர் உள்ளே பாயும். அந்நிலையில் உடனே கீழ்மடைகளை அடைத்து, மேல்மடையைத் திறந்து நீரை ஏற்றுவதே வழி. படகைக் காக்கவென்று கட்டிய பொருளே படகை மூழ்கடிக்கக் கூடுமாதலால், ஓடும்போதும் கூடங்களுக்குள்ளும் பக்கப் பெண்டர்களை மேலே எடுத்துவிடுமாறு கால்வாய்ப் படகோட்டிகளுக்கு அறிவுறுத்துகின்றனர்.

எடுத்து வைத்த பெண்டருக்கு நடுக்கடலிலும் ஓர் அவசர வேலை வரலாம். ஆள் தவறி நீரில் விழுந்தால், மிதவை வளையத்தோடு கைக்கெட்டும் பெண்டரையும் எறிந்துவிடலாம். அது மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம், நிறத்தாற் கண்ணுக்கும் தெரியும். ஆளை மீட்கும் பயிற்சியிலும் பெண்டரே விழுந்தவனாக நடிப்பது வழக்கம். வெறும் பெண்டரைக் காற்று வெகு விரைவாக அடித்துச் சென்றுவிடுமாதலால், அதனோடு ஒரு வாளியைக் கட்டி நீரில் இடுவர். வாளி நீரிலே அமிழ்ந்து நிற்க, மனிதன் மிதப்பதைப் போன்ற மந்தகதி வந்துவிடும். பிள்ளைகள் மிகவும் விரும்பும் விளையாட்டும் இதுவே. ஒருவர் கையை நீட்டிப் பெண்டரையே சுட்டிக்கொண்டு நிற்பார். கண்ணை எடுக்கக் கூடாது. அலைகளுக்கிடையே அச்சிறு பொருள் எத்துணை விரைவில் மறைகிறது என்பதைக் கண்ட பின்னர், உயிர்காப்புச் சட்டை அணியும்படி அப்பிள்ளைகளை எவரும் வற்புறுத்த வேண்டியிராது.

இனித் துறை நெருங்குகிறது. வாயிலைக் கண்டபின் பெட்டியைத் திறப்பது தாமதம். கால்மணி நேரம் முன்பே, வெளியே நீர் விசாலமாக இருக்கும்போதே, பெண்டர்களை எடுத்து அதனதன் இடத்தில் கட்டி உட்புறமாகக் கிடத்துவது நன்று. படகின் இடைப்பகுதியே அகலமானது. முதலில் மோதுவதும் அதுவே. எனவே அங்கே மூன்றை நெருக்கமாகவும், மற்றவற்றை முன்னும் பின்னுமாகவும் கட்டுவர். மிதவைத் துறையானால் நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக, பிற படகின் பக்கமானால் உயரமாகத் தொங்கவேண்டும். கற்சுவரானால் வற்றுப் பெருக்கையும் எண்ணவேண்டும். எமது கரைகளிலே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பிரான்சின் சென் மாலோவிலோ சில நாட்களில் 12 மீற்றர்! அங்கே சுவரின் ஓரத்திலே படகு மாடிப்படியில் இறங்குவதுபோல இறங்கி ஏறும். அத்தகைய சுவர்களிற் பெண்டர் தூண்களுக்கிடையே நழுவிப் போகாதிருக்க, இரண்டு பெண்டர்களுக்கு வெளியே ஒரு பலகையைக் குறுக்காகத் தொங்கவிடுவர். முடிச்சைப் பற்றி ஒரு சொல்: கம்பியை இருமுறை சுற்றி இரண்டு அரைமுடிச்சு இடுவதே இரவு முழுவதும் நம்பத்தக்கது. ஒரு நொடியிற் போடும் எளிய முடிச்சு, ஆடிக்கொண்டிருக்கும் பெண்டரின் இழுப்பிலே மெல்ல மெல்ல நழுவும்.

ஆறாவது பெண்டரை எங்கும் கட்டுவதில்லை. அதனை ஒருவர் கையிலே பிடித்துக்கொண்டு நிற்பார். படகு எதிர்பாராத இடத்திலே சுவரை நாடினால், ஓடிப்போய் அவ்விடத்தில் இறக்குவார். பதற்றத்தில் கையை நீட்டக்கூடியவர் எவரோ அவரிடமே அதனைக் கொடுத்துவிடுவது சில தலைவர்களின் வழக்கம். கையிலே பெண்டர் இருக்கும்போது கையை நீட்ட முடியாதல்லவா? படகு அசைவின்றிக் கட்டப்பட்டு, எஞ்சினும் நிறுத்தப்பட்ட பின்னரே அவர் அதனைக் கீழே வைக்கிறார். மறுநாட்காலை புறப்படும்போது ஆறும் உள்ளே வந்தனவா என்று எண்ணும் பொறுப்பு, பெரும்பாலும் படகிலுள்ள ஆக இளைய பிள்ளைக்கு உரியது.